உயிர்த்தெழும் உடல்: ஒரு கிறிஸ்தவ நம்பிக்கையின் வரலாறு

உடலின் உயிர்த்தெழுதல் என்பது, காலத்தின் முடிவில் இறந்தோரைக் கடவுள் உடலோடு எழுப்புவார் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை. கிரேக்கத் தத்துவம் பேசிய ஆன்மாவின் அழியாமை வேறு, இது வேறு. ஆன்மா தன் இயல்பாலேயே சாவைக் கடந்தது, உடலை விட்டு நீங்குவதே அதற்கு விடுதலை என்று பிளேட்டோ கருதினார். கிறிஸ்தவ நம்பிக்கையிலோ சாவு மெய்யான இழப்பு. அந்த இழப்பை ஈடுசெய்ய வல்லவர் கடவுள் ஒருவரே. மறுபிறப்புக் கொள்கையும் இதுவன்று. மறுபிறப்பில் உயிர் ஓர் உடலை விட்டு வேறோர் உடலை எடுக்கிறது. உயிர்த்தெழுதலில் இன்னார் மகனாகவோ மகளாகவோ பிறந்து, இன்ன ஊரில் வாழ்ந்து, இன்ன விதமாக மாண்ட அதே ஆள் திரும்ப எழுகிறார். யோவான் நற்செய்தியில் இயேசு உயிர்ப்பித்த லாசருவின் கதையும் இதற்கு உவமையாகாது. அவர் பழைய வாழ்வுக்குத் திரும்பியவர், மறுபடியும் இறக்க வேண்டியவர். உயிர்த்தெழுந்தவருக்கோ இனிச் சாவு இல்லை.

ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் உடலின் உயிர்ப்பை அறிக்கையிடும் கிறிஸ்தவர்களில் பலர், இறப்பு வீட்டில் நிற்கும்போது ஆன்மா மோட்சம் சேர்ந்ததைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். உடல் கூடாகிவிட்டது, பறவை பறந்துவிட்டது என்பதே அங்கே கேட்கும் ஆறுதல். அந்த ஆறுதலில் தவறில்லை. ஆனால் திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பிடிவாதமாகக் காத்துவந்த நம்பிக்கையில் அது பாதிதான். மறுபாதி எங்கிருந்து வந்தது, எவ்வளவு எதிர்ப்பைத் தாண்டி நிலைத்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

எபிரேய விவிலியத்தின் பெரும்பகுதிக்கு இந்த நம்பிக்கை தெரியாது. இறந்தோர் அனைவரும், நல்லவர் தீயவர் என்ற வேறுபாடின்றி, ஷியோல் என்னும் பாதாளத்துக்குப் போகிறார்கள். அங்கே இன்பமும் இல்லை, தண்டனையும் இல்லை, கடவுளைப் புகழும் குரலும் இல்லை. நீண்ட ஆயுள், பிள்ளைப்பேறு, முன்னோரின் கல்லறையில் ஓரிடம் ஆகியவையே பழைய இஸ்ரயேலர் எதிர்பார்த்த நிறைவு. எசேக்கியேல் நூலின் 37ஆம் அதிகாரத்தில் உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நரம்பும் தசையும் தோலும் பெற்று எழும் காட்சி வருகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்கள் மீண்டும் ஓர் இனமாக எழுவார்கள் என்பதே அந்தக் காட்சியின் முதற்பொருள். தனி மனிதரின் மறுமையை அது குறிக்கவில்லை. ஆயினும் பின்வந்த தலைமுறைகள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. இன்றைய சிரியாவில் உள்ள துரா யூரோப்போஸ் என்ற ஊரின் யூதத் தொழுகைக்கூடத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் தீட்டப்பட்ட சுவரோவியம் எசேக்கியேலின் காட்சியைச் சிதறிக் கிடக்கும் உடலுறுப்புகளோடு காட்டுகிறது.

திருப்பம் வந்தது துன்புறுத்தலின்போது. கி.மு. 167ஆம் ஆண்டுவாக்கில் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தில் யூத வழிபாட்டை நிறுத்தினான்; விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். திருச்சட்டத்தை மீற மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கடவுளுக்கு உண்மையாக இருப்பவர் நீண்ட நாள் வாழ்வார் என்ற பழைய கணக்கு இங்கே உடைந்துபோயிற்று: உண்மையாக இருந்ததற்காகவே இவர்கள் இளமையில் மாண்டார்கள். அப்படியானால் கடவுளின் நீதி எங்கே? இந்தக் கேள்விக்கு விடையாகவே, அதே ஆண்டுகளில் இறுதி வடிவம் பெற்றதாக அறிஞர் பெரும்பாலோர் கருதும் தானியேல் நூல், மண்ணின் புழுதியில் உறங்குவோருள் பலர் விழித்தெழுவார்கள், சிலர் நிலைவாழ்வுக்கும் சிலர் இகழ்ச்சிக்கும் எழுவார்கள் என்று தன் 12ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. எபிரேய விவிலியத்தில் தனி மனிதரின் உயிர்த்தெழுதலை ஐயத்துக்கு இடமின்றிக் கூறும் பகுதி இதுவே.

மக்கபேயர் இரண்டாம் நூல் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் விவிலியத்தில் சேர்த்திருக்கும் நூல் இது. சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் இல்லை. பன்றி இறைச்சி உண்ண மறுத்த ஏழு சகோதரர்கள் தாயின் கண்முன்னே ஒவ்வொருவராகச் சித்திரவதைக்கு உள்ளாகிறார்கள். மூன்றாமவன் தன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான்: இவை விண்ணிலிருந்து பெற்றவை, இவற்றை அங்கிருந்தே திரும்பப் பெறுவேன் என்பது அவன் வாக்குமூலத்தின் சாரம். தாயின் வாதம் வேறு வகையானது. கருப்பையில் அவர்கள் எப்படி உருவானார்கள் என்பது தனக்கே தெரியாது. அறியாத அந்தத் தொடக்கத்தைத் தந்தவரால் இரண்டாம் முறையும் தர இயலும் என்கிறாள் அவள். உயிர்த்தெழுதலைப் படைப்போடு இணைக்கும் இந்த வாதத்தையே பின்னாளில் கிறிஸ்தவ இறையியலர் பலர் தத்தம் மொழியில் எடுத்தாண்டார்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. நம்பிக்கை பிறந்த இடம் தத்துவக் கூடமன்று, கொலைக்களம். வெட்டப்பட்ட அந்தக் கைக்கு நீதி வேண்டும் என்றால், ஆன்மாவுக்கு மட்டும் ஆறுதல் கிடைத்தால் போதாது.

இயேசுவின் காலத்தில் யூதர் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. பரிசேயர் ஏற்றார்கள்; ஆலயக் குருகுலத்தோடு நெருக்கமான சதுசேயர் மறுத்தார்கள். ஏழு சகோதரரை ஒருவர் பின் ஒருவராக மணந்த பெண், உயிர்த்தெழும் நாளில் யாருக்கு மனைவி என்று சதுசேயர் இயேசுவை மடக்கப் பார்த்ததை மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. எழுவோர் மணமுடிப்பதில்லை, ஆபிரகாமின் கடவுள் வாழ்வோரின் கடவுள் என்பதே அவர் தந்த விடை. பிற்காலத்து யூத மரபு பரிசேயரின் பக்கமே நின்றது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, உயிர்த்தெழுதலை மறுப்பவருக்கு வரவிருக்கும் உலகில் பங்கில்லை என்று தீர்ப்பளிக்கிறது; யூதர்களின் அன்றாட மன்றாட்டான அமிதாவின் இரண்டாம் புகழுரை இன்றும் இறந்தோரை எழுப்பும் கடவுளைப் போற்றுகிறது.

கிறிஸ்தவர்கள் இந்த யூத நம்பிக்கையை எடுத்துக்கொண்டு அதில் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். காலத்தின் முடிவில் எல்லாருக்கும் நிகழ வேண்டியது, வரலாற்றின் நடுவில் ஒருவருக்கு நிகழ்ந்துவிட்டது என்றார்கள். இயேசுவின் உயிர்த்தெழுதல் தனியொரு அற்புதமாக முடிந்துவிடுவதில்லை. அறுவடையின் முதற்கனியைப் போல, பின்னே வரப்போகும் விளைச்சலுக்கு அது உறுதி. அதனால் உயிர்த்தெழுந்த இயேசுவின் உடல் எத்தகையது என்பதில் நற்செய்தியாளர்கள் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். லூக்காவில் அவர் தம் கை கால்களைக் காட்டுகிறார், பொரித்த மீனை வாங்கி உண்கிறார். ஆனால் எம்மாவு செல்லும் வழியில் உடன் நடந்த சீடர்களால் அவரை அடையாளம் காண முடியவில்லை. யோவானில் பூட்டிய அறைக்குள் அவர் வந்து நிற்கிறார். அதே உடல், ஆனால் அப்படியே அல்ல. இந்த இழுபறியை நற்செய்திகள் எங்கும் தீர்த்துவைக்கவில்லை. யோவானின் 20ஆம் அதிகாரத்தில் தோமா கேட்கும் சான்று முகமோ குரலோ அன்று. ஆணிகளின் தழும்பையும் விலாவின் காயத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். கொன்றவர்கள் இட்ட காயங்கள் எழுந்த உடலிலும் இருந்தன என்பது இந்தக் கதையின் வியப்பான உள்ளடக்கம். மயிலாப்பூரில் உயிர்துறந்தார் என்று மரபு சொல்லும் திருத்தூதரும் இந்தத் தோமாதான். சாந்தோம் பேராலயம் அவர் கல்லறை இருந்த இடத்தில் நிற்பதாகவே தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் போற்றுகிறார்கள்.

இந்த நம்பிக்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான எழுத்து நற்செய்திகளுக்கும் முந்தியது. கி.பி. 50களின் நடுவில் திருத்தூதர் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் அது. கிறிஸ்து எழுந்ததை ஏற்ற சிலர், இறந்தோர் எழுவர் என்பதை ஏற்க மறுத்தார்கள். கிரேக்க வளர்ப்பில் வந்தவர்களுக்கு உடல் ஆன்மாவின் சுமை. இறக்கிவைத்த சுமையை மறுபடி தலையில் ஏற்றுவானேன்? ஏதென்ஸ் நகரின் அரயோப்பாகு மன்றத்தில் பவுலின் பேச்சு உயிர்த்தெழுதலைத் தொட்டதும் கேட்டவர்கள் சிலர் ஏளனம் செய்ததாகத் திருத்தூதர் பணிகள் நூலும் பதிவுசெய்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் தரும் விடை விதையின் உவமை. விதைக்கப்படுவது வெறும் மணி; முளைத்து எழுவதோ வேறு தோற்றமுடைய பயிர்; ஆயினும் இரண்டுக்கும் தொடர்ச்சி உண்டு. அழியும் உடல் அழியாததாக, வலுவற்றது வலுவுள்ளதாக, இயற்கை உடல் ஆவிக்குரிய உடலாக மாறும். ஆவிக்குரிய உடல் என்றதும் புகை போன்ற ஒன்றை நினைத்துக்கொள்வது பிழை. உடல் எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, எது அதை இயக்குகிறது என்பதே பவுலுக்கு முக்கியம். கடவுளின் ஆவியால் முழுக்க இயங்கும் உடலையே அவர் சொல்கிறார் என்று இன்றைய விவிலிய அறிஞர் பலர் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அதே அதிகாரத்தின் 50ஆம் வசனம், ஊனும் இரத்தமும் இறையாட்சியை உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளின் சண்டை இந்த ஒரு வசனத்தைச் சுற்றி நடந்தது. உலகமும் உடலும் ஒரு தாழ்ந்த ஆற்றலின் படைப்பு என்று கருதிய ஞானவாதக் குழுக்கள் இதைத் தங்கள் கொடியாக ஏந்தின. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த சுவடிகளுள், ரெகினோஸ் என்பவருக்கு உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உண்மையை அறிந்தவருக்கு உயிர்த்தெழுதல் இப்போதே நிகழ்ந்துவிட்டது என்பது அதன் போதனை. இன்றும் பலருக்கு இந்தக் கருத்து இதமாகவே தோன்றும். கி.பி. 180 அளவில் லியோன் நகரின் ஆயர் இரேனேயுஸ் அதை முழுமூச்சோடு எதிர்த்தார். நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகி நம் உடலை ஊட்டுகின்றன என்று ஏற்றுக்கொண்டு, அப்படி ஊட்டம் பெற்ற உடலுக்கு மீட்பு இல்லை என்று சொல்வது எப்படி என்பது அவர் கேள்வி. கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன், திருமுழுக்கில் நனைவதும், எண்ணெய் பூசப்படுவதும், சிறையில் வாடுவதும், வாளுக்கு இரையாவதும் உடலே என்று அடுக்கி, உழைத்ததற்குக் கூலி மறுக்கலாகாது என்று வாதாடினார்.

இரேனேயுஸின் வாதத்துக்குப் பின்னால் ஒரு கொடுமை இருந்தது. 177ஆம் ஆண்டில் அவருடைய லியோன் நகரத்திலேயே கிறிஸ்தவர்கள் பலர் பொது அரங்கில் கொல்லப்பட்டார்கள். உடல்களை அடக்கம் செய்யவிடாமல் ஆறு நாள் வெளியே போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் வாரியிறைத்தார்கள். இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பதே எதிரிகளின் எண்ணம் என்று, தப்பியவர்கள் எழுதிய கடிதம் சொல்கிறது. அக்கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் தம் நூலில் பாதுகாத்திருக்கிறார். நம்பிக்கையை அழிக்கச் சாம்பலைக் கரைத்தால் போதும் என்று எதிரிகளே கருதும் அளவுக்கு, உடல் அந்த நம்பிக்கையின் நடுவில் இருந்தது.

ஆற்றில் கரைந்த சாம்பல் எழுப்பிய கேள்வியைத் தத்துவவாதிகள் இன்னும் நுட்பமாகக் கேட்டார்கள். கடலில் மூழ்கியவரை மீன் தின்கிறது. மீனை மனிதர் தின்கிறார்கள். கடைசி நாளில் அந்தச் சதை யாருடையது? கிறிஸ்தவ எழுத்தாளர் அத்தேனகோராஸின் பெயரில் வழங்கும் உயிர்த்தெழுதல் பற்றிய நூல் இதற்கு விடை சொல்ல முயன்றது. மனித இறைச்சி மனிதருக்கு இயற்கையான உணவன்று. எனவே அது செரித்து உடலோடு ஒன்றாது என்றது அந்நூல். உடலியல் அறிந்த எவராலும் இந்த விடையை ஏற்க முடியாது. செல்சுஸ் போன்ற கிரேக்க விமரிசகர்களோ, அழுகிய உடலை விரும்பித் தேடும் ஆன்மாவும் உண்டா என்று கேட்டு, இது புழுக்களுக்கே ஏற்ற நம்பிக்கை என்று எள்ளினார்கள்.

248 அளவில் செல்சுஸுக்கு மறுப்பு எழுதிய அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் தம் தலைமுறையின் மிகக் கூர்மையான அறிவாளி. உயிரோடு இருக்கும்போதே நம் உடலின் பொருள் ஆற்று நீர்போல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் கவனித்தார். நேற்றைய சதை இன்று இல்லை; ஆனாலும் ஆள் அதே ஆள், தழும்பும் மச்சமும் அதே இடத்தில். எனவே எழுவது அணுக்களின் குவியலன்று, உடலின் உள்வடிவம் என்றார். அந்த வடிவம் புதிய, நுண்ணிய பொருளை ஏற்கும். மீன் தின்ற சதையின் கேள்வி இதில் தானே கரைந்துவிடுகிறது. ஆனால் லிக்கியாவின் ஆயர் மெத்தோடியுஸும், பின்னர் எருசலேமின் ஆயர் யோவானோடு மோதிய விவிலிய மொழிபெயர்ப்பாளர் ஜெரோமும் இதில் ஆபத்தைக் கண்டார்கள். பல்லும் வயிறும் காலும் இல்லாத ஒன்றை உடல் என்று எப்படி அழைப்பது என்று ஜெரோம் கேட்டார். எழுவோரின் உடல்கள் உருண்டை வடிவமானவை என்று கற்பித்ததாக ஓரிஜன்மீது 6ஆம் நூற்றாண்டில் குற்றம் சாட்டப்பட்டது. அவரே அப்படிச் சொன்னாரா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. ஓரிஜன் தோற்றார். ஆயினும் இந்தச் சிக்கலில் பிற்காலம் சென்று சேர்ந்த இடம் அவருடைய இடத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

மேற்கத்தியத் திருச்சபையின் எண்ணத்தை நிலைநிறுத்தியவர் ஆயர் அகுஸ்தீன். இளமையில் அவரும் எழும் உடலில் ஊனும் இரத்தமும் இராது என்றே எழுதினார். முதுமையில் தம் நூல்களை மீள்பார்வை செய்தபோது அதைத் திருத்திக்கொண்டார். 426 அளவில் முடித்த கடவுளின் நகரம் என்ற பெருநூலின் கடைசிப் பகுதியில், வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் விடையளிக்கிறார். கருவில் சிதைந்த குழந்தைகள் எழுமா? முதியவர் எந்த வயதில் எழுவார்? கிறிஸ்து இறந்த முப்பதையொட்டிய வயதின் வலிமையோடு அனைவரும் எழுவார்கள். பெண்கள் பெண்களாகவே எழுவார்கள். ஆண் உடலே நிறைவானது, பெண்ணுடல் குறை என்று நினைத்தவர்களை அவர் வெளிப்படையாக மறுக்கிறார். ஒருவரைத் தின்று மற்றொருவர் பிழைத்திருந்தால், அந்தச் சதை முதலில் யாருக்குரியதோ அவருக்கே திரும்பும்; தின்றவரிடம் அது கடன். உருக்கிய சிலையைச் சிற்பி அதே உலோகத்தால் மீண்டும் வார்க்கும்போது, முன்பு கையில் இருந்த துகள் காலுக்குப் போனாலும் சிலைக்குக் குறைவில்லை என்பது அவர் உவமை.

அந்த அடுக்கில் ஓரிடம் தனித்து நிற்கிறது. எல்லா ஊனங்களும் நீங்கும் என்று சொல்லிவந்த அகுஸ்தீன், நம்பிக்கைக்காக உயிர்துறந்த மறைச்சாட்சிகளின் தழும்புகளை மட்டும் விட்டுவைக்கிறார். வெட்டப்பட்ட உறுப்பு திரும்பக் கிடைக்கும். ஆனால் வெட்டின் தடம் ஒளியோடு தெரியும், அது அவர்களுக்கு மதிப்பு என்கிறார். தோமா தொட விரும்பிய காயமும் மக்கபேயச் சகோதரன் நீட்டிய கையும் இங்கே ஒன்றாகின்றன. 1994இல் அமெரிக்க இறையியலர் நான்சி ஐஸ்லாண்ட் மாற்றுத்திறனாளிகளின் நோக்கிலிருந்து எழுதிய ஊனமுற்ற கடவுள் என்ற நூல், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் காயப்பட்ட கைகளையே தன் தொடக்கமாகக் கொண்டது. ஊனமெல்லாம் துடைக்கப்பட வேண்டிய கறைதானா என்ற அவர் கேள்வியால், பழைய விவாதம் இன்று வேறு திசையில் உயிரோடிருக்கிறது.

நூல்களுக்கு வெளியே, மக்களின் வாழ்வில், இந்த நம்பிக்கை எலும்புகளைச் சுற்றி வளர்ந்தது. பிணத்தைத் தீட்டாகக் கருதி நகரத்துக்கு வெளியே வைத்த உரோமைப் பண்பாட்டின் நடுவில், கிறிஸ்தவர்கள் மறைச்சாட்சிகளின் எலும்புகளைத் தொட்டார்கள், முத்தமிட்டார்கள், அவற்றின்மேல் பலிபீடம் எழுப்பினார்கள். எங்கு பார்த்தாலும் கல்லறைகளாக நிரப்பிவிட்டார்கள் என்று 4ஆம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசர் ஜூலியன் எரிச்சல்பட்டார். வெனிஸ் அருகே தொர்செல்லோ தீவின் பேராலயத்தில் உள்ள கடைசித் தீர்ப்பு மொசைக்கில், எக்காளம் ஒலிக்கும்போது விலங்குகளும் மீன்களும் தாம் விழுங்கிய மனித உறுப்புகளைத் திரும்ப உமிழ்கின்றன. அத்தேனகோராஸின் தர்க்கம் தீர்க்காததைக் கலைஞர்கள் இப்படித் தீர்த்தார்கள். ஒர்வியெத்தோ பேராலயத்தில் 1499 முதல் 1504 வரை லூக்கா சிஞ்ஞொரெல்லி தீட்டிய ஓவியத்தில், எலும்புக்கூடுகள் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து, சதை போர்த்த மனிதர்களாகி ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றன.

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், இப்போது அணிந்திருக்கும் சொந்த உடலோடே அனைவரும் எழுவர் என்று வரையறுத்தது. சதையைத் தீய ஆற்றலின் படைப்பு என்று போதித்த கத்தாரியரை மறுப்பது அதன் நோக்கம். ஆனால் சொந்த உடல் என்பது எதைக் குறிக்கும்? இறையியலர் தோமா அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைத் துணைகொண்டு விடை தேடினார். ஆன்மா உடலுக்குள் தங்கியிருக்கும் விருந்தாளியன்று. உடலை உடலாக்கும் வடிவமே அது. எனவே உடலற்ற ஆன்மா முழு மனிதராகாது. என் ஆன்மா நான் அல்ல என்ற பொருளில், கொரிந்தியருக்கான கடிதத்தின் விளக்கவுரையில் அவர் துணிந்து எழுதினார். கிறிஸ்தவ மரபு ஆன்மாவை மட்டுமே மதித்தது என்று சொல்வோர் படிக்க வேண்டிய இடம் அது. அடுத்த தலைமுறையில் துரான்துஸ் என்ற தொமினிக்க இறையியலர் இன்னும் ஓரடி சென்றார்: அதே ஆன்மா எந்தப் பொருளோடு சேர்ந்தாலும் அது அதே உடலாகிவிடும் என்றார்.

சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில் ஆன்மா எந்நிலையில் இருக்கிறது என்பதும் ஒரு நெருக்கடியை உண்டாக்கியது. தூயோரும்கூடத் தீர்ப்பு நாள்வரை கடவுளை நேருக்கு நேர் காண்பதில்லை என்று திருத்தந்தை 22ஆம் யோவான் 1331இல் தொடங்கி, அன்று திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில் மறையுரை ஆற்றினார். இறையியலர் கொதித்தெழுந்தார்கள், 1334இல் மரணப் படுக்கையில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். தூய ஆன்மாக்கள் உடனே கடவுளைக் காண்கின்றன என்று அடுத்த திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் 1336இல் வரையறுத்தார். இந்தத் தீர்ப்புக்கு ஒரு விலை இருந்தது. ஆன்மா இப்போதே முழு இன்பம் பெற்றுவிட்டதென்றால் உடலுக்காகக் காத்திருக்க என்ன இருக்கிறது? உடலின் உயிர்ப்பு அறிக்கையில் நிலைத்தது, ஆனால் மக்களின் ஏக்கத்திலிருந்து மெல்ல விலகியது. இறப்பு வீடுகளில் இன்று கேட்கும் பேச்சுக்கு வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

சீர்திருத்தச் சபைகள், இறந்தோரின் ஆன்மா தூய்மை பெறும் நிலையாகிய உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கைவிட்டபோதும் உடலின் உயிர்த்தெழுதலைக் கைவிடவில்லை. அறிவியலும் அதை உடனே பகையாகக் கருதவில்லை. வேதியியலின் முன்னோடி ராபர்ட் பாயில் 1675இல் உயிர்த்தெழுதல் இயலக்கூடியதே என்று ஒரு நூல் எழுதினார். கரைந்து உருமாறிய பொருள்களை ஆய்வகத்தில் பழைய வடிவில் மீட்க முடிவதை அவர் சான்று காட்டினார். தத்துவவாதி ஜான் லாக் வேறு வழி சென்றார். ஓர் ஆள் அதே ஆள் என்பது அவர் நினைவின் தொடர்ச்சியால் அமைவது, பொருளால் அன்று. இறந்தோர் எழுவர் என்றுதான் விவிலியம் சொல்கிறது, அதே அணுக்களோடு என்று சொல்லவில்லை என்று ஆயர் ஸ்டில்லிங்ஃப்ளீட்டுக்கு எழுதிய விடைகளில் அவர் வாதிட்டார். 20ஆம் நூற்றாண்டிலும் இந்த வழக்கு முடியவில்லை. கடவுள் வேறோர் உலகில் அதே ஆளின் மறுபதிப்பைப் படைக்கலாம் என்றார் தத்துவவாதி ஜான் ஹிக். மறுபதிப்பு அதே ஆளாகுமா என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது.

விவிலிய ஆய்வில் திருப்பத்தை உண்டாக்கியது 1955இல் இறையியலர் ஆஸ்கார் குல்மான் ஹார்வர்டில் ஆற்றிய உரை. சாக்ரடீஸ் அமைதியாக நஞ்சு அருந்தியதையும், இயேசு தாம் கைதான இரவில் கெத்சமனியில் நடுங்கியதையும் அவர் எதிரெதிரே வைத்தார். முன்னவருக்குச் சாவு நண்பன். பின்னவருக்கு அது பகைவன், வெல்லப்பட வேண்டியது. ஆன்மாவின் அழியாமையா, இறந்தோரின் உயிர்த்தெழுதலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்த உரை பக்தர்கள் பலரைப் புண்படுத்தியது. அவர் கிழித்த கோடு அளவுக்கு மீறி நேராகிவிட்டது என்பது உண்மை. அக்காலத்து யூதரும் ஆன்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சாலமோனின் ஞானம் நூலே அதற்குச் சான்று. ஆனால் மையம் எங்கே என்பதில் குல்மான் சொன்னது சரி. 2003இல் விவிலிய அறிஞர் என். டி. ரைட் வெளியிட்ட பெருநூல் அந்த மையத்தைப் பண்டைய கிரேக்க, யூத எழுத்துகளையெல்லாம் அலசி மீண்டும் நிறுவியது. வரலாற்றாசிரியர் கரோலின் வாக்கர் பைனம் 1995இல் எழுதிய நூலோ, சிதைவையும் செரிமானத்தையும் பற்றிய அச்சமே இடைக்கால விவாதங்களை இயக்கியது என்று காட்டியது.

இந்த நீண்ட விவாதத்தில் அணுக்களைப் பற்றிய விடைகள் பெரும்பாலும் நிற்கவில்லை. அவை காக்க முயன்றது நிற்கிறது. வரலாற்றில் உண்மையாக வாழ்ந்து, உழைத்து, வதைபட்ட உடலைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு மீட்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பதே அது. ஆன்மா மட்டும் போதும் என்ற விடை எக்காலத்திலும் எளிதாகக் கிடைத்தது. திருச்சபை ஒவ்வொரு முறையும் கடினமான விடையையே தேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வு சரியானது.

இறந்தோரை அடக்கம் செய்யும் முறையில் இதன் விளைவை இன்றும் காணலாம். தமிழ்நாட்டில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது அங்கே உறங்குபவர் எழுவார் என்ற நம்பிக்கையோடு சேர்ந்த செயல். உடலை எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் தடைசெய்தது. அன்று ஐரோப்பாவில் எரியூட்டலை முன்னெடுத்த சிலர் உயிர்த்தெழுதலை மறுக்கும் அறிவிப்பாகவே அதைச் செய்தார்கள். 1963இல் தடை தளர்ந்தது; 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, அடக்கம் செய்வதே விரும்பத்தக்கது, மறுப்பின் அடையாளமாக இல்லாதவரை எரியூட்டலும் ஆகும் என்கிறது. சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக இன்றும் எரியூட்டலை ஏற்பதில்லை. 2023 டிசம்பரில் பலருடைய சாம்பலை ஒரே நிலையான இடத்தில் சேர்த்துவைக்கலாமா என்ற கேள்விக்கு விடையளித்த வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை, ஒவ்வொருவர் பெயரும் குறிக்கப்பட்டு நினைவு காக்கப்படுமானால் அதற்கு இடமுண்டு என்றது. அதே ஆவணம், எழும் ஆள் அதே ஆளே, அதே உடல்சார்ந்த அடையாளத்தோடு எழுவார்; ஆயினும் அவர் உடல் சாவுக்கு முன்பிருந்த அதே துகள்களால் ஆகியிருக்க வேண்டிய கட்டாயமில்லை என்றும் தெளிவுபடுத்தியது.